புதன்கிழமைச் சிம்மம்

"காலெப் ஹெஃப்லின். ஜூலை இருபத்திரண்டு. கடகம்" என்று ரோக்கோ டினிகோலா கையைத் தூக்கிச் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்த டுவேன் கோவலின் வாயில் இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டி உருண்டை பாதி இருந்தது. அதை மென்று விழுங்குவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சந்தேகமும் இல்லை. பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, அந்த ஏப்ரல் முழுக்க அவன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் ஈரி நகரத்தில், ஏரிக்கரைக்குக் கொஞ்சம் தள்ளி, போலந்துக்காரர் கிளப்பின் பின்னறையில் புதன்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு ராசி. நாம் பார்க்கிற சந்திர ராசி அல்ல, பிறந்த அன்று சூரியன் எங்கே நின்றதோ அந்த ராசி. தேதியைச் சொன்னால் போதும். பெரிய லீகில் பேஸ்பால் ஆடுகிறவர்களில் தன் ராசியில் பிறந்தவர்களை மட்டும் சேர்த்து ஒவ்வொருவரும் ஒரு கற்பனை அணி வைத்திருந்தார்கள். அந்த ஆட்டக்காரன் அங்கே நிஜ மைதானத்தில் பந்தை விளாசினால் இங்கே இவர்களுக்குப் புள்ளி. அணியை நடத்துகிறவரும் அதே ராசியில் பிறந்திருக்க வேண்டும், ஒரு ராசிக்கு ஒரே நாற்காலிதான். எந்தத் தேதிவரை எந்த ராசி என்பதற்கு உள்ளூர் பேப்பரில் வரும் ராசிபலன் பத்திதான் அத்தாட்சி. கடகம் ஜூலை இருபத்திரண்டோடு முடிந்தது. இருபத்து மூன்றிலிருந்து சிம்மம்.

ரோக்கோ கடகம். டுவேன் சிம்மம், இருபத்து மூன்றாம் தேதிக்காரன். ஒரே தெருவில் ஒன்றாக வளர்ந்து, ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் டுவேனின் மனைவி நோரீன் போனாள். மகன் அரிசோனாவில். வாரத்தின் மற்ற ஆறு நாளும் டுவேன் டிவியோடு பேசிக்கொண்டிருப்பான், புதன்கிழமை மட்டும் மனிதர்களோடு. அந்த நாற்காலி இல்லையென்றால் அவனுக்கு ஒன்றுமே இல்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

சீசன் தொடங்கிய முதல் சில வாரங்கள்தான் இந்த ஆட்டத்தில் உயிர். மார்ச்சில் எல்லாரும் கொத்திக்கொண்டு போன பெரிய பெயர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும். யாரும் கேள்விப்படாத ஒருவன் எழுந்து அடிப்பான். அவனை முதலில் மோப்பம் பிடிக்கிறவன் செப்டம்பரில் கோப்பை வாங்குவான். ஹெஃப்லினை மோப்பம் பிடித்தது டுவேன். போன வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து முடிந்து ரோக்கோவின் டிரக்கில் திரும்பும்போது, "புதுசா ஒருத்தன் வந்திருக்கான், என்ன கை தெரியுமா, அவன் சிம்மம்னு நினைக்கறேன், புதன்கிழமை எடுக்கப் போறேன்" என்று வாயைக் கொடுத்தவனும் அவனேதான். ரோக்கோ அப்போது ம் என்றுகூடச் சொல்லாமல் வண்டி ஓட்டினான்.

இப்போது பார்த்தால் கையைத் தூக்குகிறான்.

கூட்டம் கலைந்ததும் டுவேன் அவனைக் கதவருகே மடக்கினான். வீட்டுக்குப் போய்த் தேதியைப் பார்த்தேன், பையன் இருபத்திரண்டு, சட்டப்படி என் ஆள், எடுத்துக்கொண்டேன் என்றான் ரோக்கோ. கோபப்படாமல் சொன்னான். டுவேனும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். ஆனால் காரில் ஏறி, கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டும்போது ஒன்று உறைத்தது. பையன் கடகம் என்றால் ரோக்கோவைத் தவிர வேறு யாரும் அவனைத் தொட முடியாது. யாரும் தொட முடியாத ஆளை, அதுவும் இன்னும் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்காத ஆளை, எதற்கு இவ்வளவு அவசரமாக எடுக்க வேண்டும்? எவனோ பின்னால் துரத்தி வருகிற மாதிரி?

அடுத்த இரண்டு வாரத்தில் ஹெஃப்லின் அடித்த அடி இருக்கிறதே, கான்சாஸ் பக்கத்தில் அவன் அம்மாவைத் தேடிப் போய் டிவிக்காரர்கள் பேட்டி எடுத்தார்கள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, மதியச் சாப்பாடு முடித்து உள்ளூர் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்கப் போனேன், மூன்றாவது சுற்றில் வலி எடுத்தது, ஆட்டம் முடிவதற்குள் இவன் வந்துவிட்டான் என்றாள். நாடு முழுக்க அதைக் கேட்டு ரசித்தது. மார்லீன் யோஸ்ட் மட்டும் கேட்டுவிட்டு டுவேனுக்குப் போன் போட்டாள்.

மார்லீன் இந்தப் புதன்கிழமை லீகின் தலைவி. மகரம். கோர்ட் ஆபீஸில் வேலை பார்த்தவள், சட்டம் என்றால் சர்க்கரை. அவள் புருஷன் ஹாங்க் ஆகஸ்டில் பிறந்தவன், ராசி கிடைத்தும் நாற்காலி கிடைக்காமல் சில வருஷமாகக் காத்திருப்பில் இருந்தான். பாவம், புதன்கிழமைதோறும் தின்பண்டத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதோடு அவன் வேலை முடிந்துவிடும்.

"பேப்பர்ல போடறது குத்துமதிப்புதான், டுவேன்" என்றாள் மார்லீன். "சூரியன் நம்ம பேப்பரைப் பார்த்துட்டா ராசி மாறும்? வருஷத்துக்கு வருஷம் நேரம் முன்னே பின்னே போகும். அந்தப் பையன் பொறந்த வருஷம் இருபத்திரண்டாம் தேதி விடியறப்பவே சிம்மத்துக்குள்ள போயிடுச்சு. மத்தியானம் பொறந்தவன் எப்படிக் கடகமாவான்? அவன் உன் ஆளு. நீ தீர்மானம் கொண்டு வா, நான் ஓட்டுக்கு விடறேன்."

டுவேனுக்குப் பொறி தட்டியது. அதுதானே பார்த்தேன்! ரோக்கோவுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. யாராவது நேரத்தைத் தோண்டுவதற்குள் பையனைத் தன் பெயரில் எழுதி முடித்துவிட வேண்டும் என்றுதான் அந்தப் பறப்பு.

மறுநாளே ரோக்கோவைக் கூப்பிட்டு, பேப்பர் தேதியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சூரியன் மாறுகிற சரியான நேரத்தை வைத்து ஆட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னான். ரோக்கோ, அது வேண்டாம் என்றான். ஏன் வேண்டாம் என்று கேட்டால், "வேண்டாம்னா வேண்டாம்டா, இத்தனை வருஷம் நல்லாத்தானே ஆடினோம்" என்று எரிந்து விழுந்தான். ரோக்கோ சாதாரணமாக யார் மீதும் எரிந்து விழுகிற ஆள் இல்லை. தொழிற்சாலையில் ஒருவன் அவன் காலிலேயே இரும்பைப் போட்டபோதுகூடப் பரவாயில்லை என்றவன்.

அதற்குப் பிறகு டுவேன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தான். பார்க்க ஆரம்பித்தவனுக்குக் காட்சிக்கா பஞ்சம். ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா இர்மாவின் வீட்டு வாசலில் ரோக்கோவின் டிரக் நின்றது. இர்மாவுக்கும் ரோக்கோவுக்கும் பேச என்ன இருக்கிறது? அவள் பேஸ்பாலும் பார்க்க மாட்டாள், ரோக்கோவையும் அவளுக்குப் பிடிக்காது. போன் செய்து கேட்டான். சும்மா வந்தான், காபி குடித்தான், போனான் என்றாள். சும்மா என்ற சொல்லை இர்மா வாழ்க்கையில் பயன்படுத்தியதே கிடையாது. அவளும் எதையோ விழுங்குகிறாள் என்று டுவேனுக்குப் பட்டது. அக்காவையே கைக்குள் போட்டுக்கொண்டானே என்று வயிறு எரிந்தது.

இன்னொரு நாள் கிளப் வாசலில் ரோக்கோ மார்லீனிடம் கையை விரித்து ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தான். டுவேனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தான். வானத்தில் என்ன இருக்கிறது, ஏரியிலிருந்து வரும் அதே சாம்பல் மேகம்தான். என்னவாம் என்று மார்லீனிடம் கேட்டபோது, தீர்மானத்தை எடுக்காதே என்று என்னை மசிய வைக்கப் பார்க்கிறான், நான் மசிவேனா என்றாள். தொண்டையைச் செருமிவிட்டு, மடியில் கனம் இருக்கும்போல என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கிளப்பில் இருந்தவர்களிடமெல்லாம் டுவேன் சொல்ல ஆரம்பித்தான். ரோக்கோ பொய் சொல்கிறான், எனக்குத் தெரியும், எதையோ மறைக்கிறான் என்று. துலாம்காரர் நம்பவில்லை, மீனக்காரி சிரித்தாள், மற்றவர்கள் கொஞ்சம் நம்பினார்கள். ஒரு ஆளைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னால் கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும்.

ஓட்டெடுப்புக்கு முந்தைய நாள் ரோக்கோ அவன் வீட்டுக்கே வந்தான். உள்ளே வரச் சொல்லி டுவேன் கூப்பிடவில்லை. வாசலிலேயே, தூறல் பனியில் நின்றபடி ரோக்கோ பேசினான்.

"நான் ஹெஃப்லினை விட்டுடறேன்டா. நாளைக்கே அணியை விட்டு எடுத்துடறேன். யாருக்கும் வேண்டாம், அவன் பாட்டுக்கு ஆடட்டும். நீ இந்தத் தீர்மானத்தை மட்டும் விட்டுடு."

"எதுக்கு?"

"நான் கேக்கறேன்ல, அதுக்கு."

"காரணத்தைச் சொல்லு, விடறேன்."

ரோக்கோ தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டி மறுபடி போட்டுக்கொண்டான். "சொல்ல முடியாது" என்றான். டுவேன் கதவைச் சாத்தினான். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சிநேகிதன் முகத்தில் கதவைச் சாத்துகிறோமே என்று நெஞ்சில் ஒரு குத்து குத்தத்தான் செய்தது. ஆனால் லீகிலேயே பெரிய கையை ஒருத்தன் சும்மா தூக்கிக் குப்பையில் போடுகிறேன் என்கிறான் என்றால், அவன் ஒளித்து வைத்திருப்பது அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கணக்கு அப்படித்தான் சொன்னது. அந்த ராத்திரி டுவேன் சரியாகத் தூங்கவில்லை.

புதன்கிழமை பின்னறை நிரம்பியிருந்தது. ஏப்ரல் கடைசியிலும் பனி கொட்டியதால், மார்லீனைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி ஹாங்க் சீக்கிரமே வந்து, தின்பண்ட மேஜைக்குப் பக்கத்தில் இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தான். மார்லீன் தீர்மானத்தைப் படித்தாள். ரோக்கோ எழுந்து, இது விளையாட்டு, கோர்ட் இல்லை, பேப்பர் தேதியால் இதுவரை யாருக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டான். அவனுக்குப் பேச வராது. பாதியில் தடுமாறி உட்கார்ந்துவிட்டான்.

டுவேன் எழுந்தபோது அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. கடகம் என்று கையைத் தூக்கின அவசரத்தைச் சொன்னான். அக்கா வீட்டு வாசலில் நின்ற டிரக்கைச் சொன்னான். நேற்று வாசலில் வந்து பேரம் பேசியதையும் விடவில்லை. "அவன் பொய் சொல்றான். என்னன்னு எனக்குத் தெரியலை, ஆனா சொல்றான்" என்று முடித்தான். ரோக்கோ மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவி தவிர மற்றப் பதினொரு பேர் ஓட்டுப் போட்டதில், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

மார்லீன் போனைப் பார்த்து, ஹெஃப்லின் பிறந்தபோது சூரியன் சிம்மத்தில் என்று அறிவித்தாள். யாரோ கை தட்டினார்கள். காலெப் ஹெஃப்லின் சிம்மத்துக்கு வந்து சேர்ந்தான். டுவேன் எதிரே பார்த்தான். தோற்றவன் முகத்தில் கோபம் இருக்கும், அவமானம் இருக்கும். ரோக்கோவின் முகத்தில் இருந்தது பயம்.

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்" என்றாள் மார்லீன். "அணிக்காரங்களுக்கும் பார்த்துடுவோம், நாளைக்கு ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது. ராசி மாறற ஓரத்துல பொறந்தது நீ ஒருத்தன்தான், டுவேன். இரு, பார்க்கறேன். நீ பொறந்த வருஷம் சூரியன் சிம்மத்துக்குள்ள போனது இருபத்து மூணாம் தேதி காலைல ஏழு மணிக்கு. நீ எப்ப பொறந்தே?"

டுவேனுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. பிறகு புரிந்தது. விடிவதற்கு முன்னால் பிறந்தவன் அவன். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு, தொட்டுவிட்டு, நேராகக் காலை ஷிப்டுக்குப் போனவர். அந்த ஷிப்ட் மணி ஆறுக்கு அடிக்கும்.

"மத்தியானம்" என்றான் ரோக்கோ.

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் எழுந்து நின்றிருந்தான், இரண்டு காதும் சிவந்திருந்தன. "இவன் மத்தியானம் பொறந்தான். எங்கம்மா கூடவே இருந்தாங்க. சூப் வெச்சுட்டுப் போனேன், ஆறிப் போச்சுன்னு சொல்லிட்டே இருப்பாங்க. மத்தியானம்தான், எழுதிக்கோ மார்லீன்."

ரோக்கோவின் அம்மா அந்த வருஷம் கையில் குழந்தை ரோக்கோவை வைத்துக்கொண்டு காய்ச்சலில் கிடந்தவள். அவள் எங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டுவேன் அவனைப் பார்த்தான். ரோக்கோ நேராக அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். தலையாட்டுடா, ஒரே ஒரு தடவை தலையாட்டு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அவசரமாக எடுத்த பெயர், இர்மா வீட்டு காபி, வாசல் பேரம், மார்லீனிடம் விரித்த கை, எல்லாமே டுவேனின் மண்டைக்குள் திரும்பி உட்கார்ந்தன. ரோக்கோ மறைத்துக் காத்தது டுவேனைத்தான். ஹெஃப்லின் பெயரால் யாராவது நேரத்தைத் தோண்டினால் அடுத்த குழி டுவேனுக்கு என்று தெரிந்துதான் அந்தப் பையனை முந்திக்கொண்டு எடுத்துக் கதையை முடிக்கப் பார்த்திருக்கிறான்.

தலையாட்டினால் நாற்காலியும் உண்டு, ஹெஃப்லினும் உண்டு. டுவேனின் தலை ஆடத்தான் பார்த்தது. ஆனால் ஒரு மாதமாக ஊர் முழுக்கப் பொய்யன் என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவனை நிஜமாகவே பொய்யனாக்கி அந்தப் பொய்யின் மேல் உட்கார்ந்து பீர் குடிக்க அவனால் முடியவில்லை.

"அவன் பொய் சொல்றான்" என்றான் டுவேன். அந்த மாதம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான், உண்மையாக இருந்தது இந்த ஒரு தடவை. "நான் விடியறதுக்கு முன்னாடியே பொறந்துட்டேன். நான் சிம்மம் இல்லை."

மீனக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறு ஓட்டு எடுக்கலாமா என்று துலாம்காரர் கேட்டார். நிறைவேறிய தீர்மானம் நிறைவேறியதுதான், இந்த சீசன் முழுக்க மாற்ற முடியாது என்றாள் மார்லீன். குரல் கொஞ்சம் கரகரத்தது, டுவேனை அவள் பார்க்கவில்லை. கடகத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, சிம்மம் காலி, சிம்மத்துக்குக் காத்திருப்பில் முதல் ஆள் ஹாங்க். ஹாங்க் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, கையை பேண்டில் துடைத்துக்கொண்டு வந்தான். சாரி டுவேன் என்றான். நல்ல மனுஷன், நிஜமாகவே சங்கடப்பட்டான். சங்கடப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தான்.

"நான் எழுந்துக்கறேன். கடகம் இவனுக்கு" என்றான் ரோக்கோ.

"உட்காருடா" என்று சொல்லிவிட்டு டுவேன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

கார் நிறுத்தும் இடத்தில் பனி ஈரமாக விழுந்துகொண்டிருந்தது. சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ரோக்கோ மூச்சு வாங்க வந்து நின்றான். கோட்டுகூடப் போடவில்லை.

"அந்த மார்லீன் தன் புருஷனுக்காகத்தான் இதெல்லாம் பண்ணியிருக்கா. உன்னைக் கிளப்பி விட்டதே அவதான்" என்றான்.

"இருக்கலாம். எனக்கு இனிமே யாரையும் சந்தேகப்படத் தெம்பு இல்லை." டுவேன் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "எப்பலேர்ந்து தெரியும்?"

"நோரீன் இருந்தப்பவே. உன் பிறந்தநாளுக்கு ஜாதகம் மாதிரி ஒண்ணு போட்டுத் தரலாம்னு பார்த்தா. பொறந்த நேரத்தை வெச்சுப் பார்த்தா நீ கடகம். சிரிசிரின்னு சிரிச்சா. அப்புறம், அவன்கிட்ட சொல்லிடாதே ரோக்கோ, சிங்கம்னு நெனைச்சுக்கிட்டுத் திரியறான், திரியட்டும்னா." ரோக்கோ மூக்கை உறிஞ்சினான். "இர்மாகிட்டயும் போய்க் கேட்டேன், யாராவது கேட்டா மத்தியானம்னு சொல்லச் சொல்லி. பொய் சொல்ல மாட்டேன்னுட்டா."

"நேத்து வாசல்ல காரணம் கேட்டேனேடா. சொல்லியிருந்தா விட்டிருப்பேனே."

"விட்டிருப்பே. விட்டுட்டு, நமக்கு உரிமை இல்லாத இடம்னு நீயே வர்றதை நிறுத்தியிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

ரோக்கோ சொன்னது சரிதான்.

"அப்படி நிறுத்திட்டா, புதன்கிழமை சாயங்காலம் நீ எங்கடா போவே?" என்றான் ரோக்கோ.

டுவேன் அவன் முகத்தைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தான். தன் கோட்டைக் கழற்றி ரோக்கோவின் தோளில் போட்டான். உள்ளே, அடுத்து சிம்மத்துக்கு யாரை எடுக்கப் போகிறாய் என்று யாரோ ஹாங்கைக் கேட்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. எங்கே போவேன் என்று டுவேனுக்குத் தெரியவில்லை.